மணி அடிக்கும் முன் ஒரு பார்வை

ஹாலோவே, கான்சஸ்
ஜூன் 19, 1996

அன்புத் தம்பி லோரனுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடும் பெகியோடும் தங்கியிருப்பதாக. டகோமாவில் மழை விட்டதா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

தந்தையர் தினத்தன்று ஆராதனை முடிந்ததும் குதிரை ராட்டின மியூசியத்துக்குப் போனோம். போனவர்கள்: நான், உன் அத்தான் மைலோ, கேரலின், அவளுடைய மகள் கிறிஸ்டி. அப்பாவையும் சேர்த்தால் ஐந்து பேர். ஆனால் ராட்டினத்தை ஓட்டுகிறவரைப் போனவர் என்று எழுதுவது சரியில்லை. ஆராதனை முடிந்த கையோடு டெல்பர்ட்டின் வண்டியில் ஏறி, எங்களுக்கு முன்பே போய்விட்டார். மருமகனுக்கு அன்று வேலை. நான்கு டிக்கெட், இரண்டு டாலர். அப்பா தன் குடும்பத்துக்கென்று சும்மா விடமாட்டார், உனக்குத் தெரியும்.

மியூசியம் இப்போதும் பழைய டிராக்டர் கடையில்தான். முன் அறையில் கால் ஒட்டாத மரக்குதிரைகளை மரச்சட்டத்தில் தூக்கி வைத்து, ஆறேழு பேர் பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். குதிரையின் வெளிப்பக்கத்தில் மட்டும் ரோஜாவும் கச்சையும் செதுக்கி, உள்பக்கத்தை வெறுமனே விட்டிருப்பார்கள் அல்லவா? கிறிஸ்டி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பாட்டி, இந்தக் குதிரை ஒரு பக்கம்தான் சட்டை போட்டிருக்கு" என்றாள்.

பின் அறையில் ராட்டினம். நாம் சிறு வயதில் சந்தையில் ஏறிய அதே ராட்டினம்தான். காது உடைந்த உன் கறுப்புக் குதிரை அப்படியே இருக்கிறது. அன்று அதில் யாரும் ஏறவில்லை.

அப்பா வழக்கம்போல் ஒரு சுற்று நடந்துவந்து ஒவ்வொருவர் முழங்காலையும் தொட்டுப் பார்த்தார். பிறகு நடுக்கம்பத்துக்குப் போய் லீவர் பக்கத்தில் நின்றார். பின்புறம் இருப்பவர்கள் தெரிய எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறார்களே, அதில் கடைசியாக ஒரு பார்வை. பிறகு மணி இரண்டு தரம். கிறிஸ்டியின் ஷூ கழன்று தரையில் விழுந்திருந்தது. அதை எடுக்க நான் இறங்கியிருந்தேன். அதற்குள் ராட்டினம் கிளம்பிவிட்டது. என் அவசரம்தான். ஷூ கிடைத்துவிட்டது.

எல்லோரும் இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம்.

கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வலது கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கிறேன்.

உனக்காக ஜெபிக்கும் அக்கா,
வெர்னா


டகோமா
ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பழகிவிட்டன.

உன் கையெழுத்தைப் பார்த்து பெகி, "ஆலங்கட்டி மழையில சாஞ்ச கோதுமை மாதிரி இருக்கே" என்றாள். கைக்கு எதனால் ஓய்வு? அதை நீ எழுதவில்லை.

அப்பாவைப் பற்றி ஈஸ்டர் சமயத்தில் நாம் பேசியது ஞாபகம் இருக்கட்டும். அவருக்கு எண்பத்துமூன்று. கண் டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்: ஓரத்தில் இருப்பது தெரியும், நடுவில் இருப்பது போகப் போக மங்கும். கார் சாவியை அவரே கொடுத்துவிட்டார், நல்லது. ஆனால் லீவர் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. சின்னதாக ஏதாவது நடந்தாலும் நான் வந்து அவரை இங்கே கூட்டிக்கொண்டு வருவது என்று நீயும் ஒத்துக்கொண்டாய். கீழ் அறையில் படுக்கை தயாராக இருக்கிறது. குளியலறையில் கைப்பிடிகூடப் போட்டாகிவிட்டது.

அத்தானுக்கு என் அன்பு. அறுவடை எப்படி?

தம்பி,
லோரன்


ஹாலோவே
ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

தேவன் நல்லவர். கோதுமை நனையாமல் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் சுகமாயிருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. உன் அத்தானுக்கு மட்டும் தும்மல் நிற்கவில்லை.

கை ஆறிவருகிறது. வீட்டுக் கணக்கை இப்போது அவர்தான் எழுதுகிறார். போன வாரம் திருமதி ஷ்ராகுக்கு விற்ற முட்டையைச் செலவுப் பக்கத்தில் எழுதி, நாங்களே எங்களிடம் முட்டை வாங்கியதுபோல ஆக்கிவிட்டார். கேட்டால், "கோழிக்கு நாமதானே தீனி போடுறோம், செலவுதானே?" என்கிறார். முப்பத்தாறு வருடமாகக் கட்டிக்காத்த கணக்கு.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். புதன்கிழமைதோறும் கோசும் இறைச்சியும் அடைத்துப் பீரோக் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேதாகமத்தைப் பெரிய எழுத்தில் வாங்கிக் கொடுத்தோம். சங்கீதம் மனப்பாடமாக இருப்பதால் அதைத் திறப்பதில்லை. டகோமா பேச்சை நான் எடுக்கவில்லை. அம்மா இறந்த வருடம் அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார், நாம் இருவரும் பார்த்தோம். அந்த ராட்டினம்தான் அவரை எழுப்பி, சட்டை மாற்றவைத்து, தெருவுக்கு வரவைத்தது. அதை மறந்துவிடாதே.

நான் மியூசியம் பக்கம் போகவில்லை. ஜாம் வேலை நிறைய இருக்கிறது.

சமாதானம் உன்னோடிருப்பதாக.
அக்கா


ஹாலோவே
ஜூலை 22

லோரன் மாமாவுக்கு,

கிறிஸ்டியின் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய கலர் பென்சில் பெட்டி கிடைத்தது. பரிசு கிடைத்தால் உடனே நன்றிக் கடிதம் எழுதவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கிறிஸ்டி சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையையும் மாற்றாமல் எழுதுவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி அவள் பேச்சு:

மாமா தாத்தா, பென்சில் நல்லா இருக்கு. அம்பது கலர் இருக்கு. எனக்கு இப்ப அஞ்சு வயசு. பாட்டியோட மாவுக்கட்டுல நான் குதிரை வரைஞ்சேன். ஊதா கலர்ல. அடுத்த வாரம் டாக்டர் அதை வெட்டிருவாரு, குதிரையும் போயிரும். பெரிய தாத்தா மணி அடிச்சாரு, பாட்டி கீழ விழுந்தாங்க. என் ஷூவுக்கு ஒண்ணும் ஆகல. இதை எழுத வேணாம்னு அம்மா சொல்றாங்க. நீ வாக்குக் குடுத்தியேன்னு நான் சொன்னேன்.

மாமா, வாக்கு வாக்குதான். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சொன்னார். கிறிஸ்டியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

பணிவுடன்,
கேரலின்


டகோமா
ஆகஸ்ட் 3

அக்கா,

நலம் விசாரித்து ஆரம்பிக்கவேண்டும். விசாரித்து என்ன பயன்? நீ சொல்லமாட்டாய்.

உன் ஜூன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஆயுசு முழுக்க "எல்லோரும் சுகமாக வீடு திரும்பினோம்" என்றுதான் எழுதுவாய். இந்தத் தடவை "இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம்". ஆஸ்பத்திரி வழியாகத் திரும்பினீர்கள், அப்படித்தானே? பொய் சொல்லமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் நீ எழுதியது கிறிஸ்டி பார்த்த குதிரை மாதிரி இருக்கிறது. எனக்குச் சட்டை போட்ட பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறாய்.

இரண்டு தடவை போன் செய்தேன். அத்தான் எடுத்து, நீ தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். இரவு ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் என்ன பறிக்கிறாய்?

கோபமாக எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன். விழுந்தது நீ. அடுத்து விழுவது கிறிஸ்டி வயதுக் குழந்தையாக இருந்தால்? அவர் அதைத் தாங்குவாரா? அக்டோபரில் எனக்கு லீவு இருக்கிறது. வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுது.

லோரன்


ஹாலோவே
ஆகஸ்ட் 29

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை சமையலறை அலமாரியின் மேல், மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். ரொட்டிக்கு மாவு எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. இதை வலது கையால் எழுதுகிறேன். விரல்கள் இன்னும் பேச்சுக் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். ஷூவை எடுத்துக்கொண்டு, ஒரு கால் மேடையில், ஒரு கால் தரையில், குதிரைக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே கண்ணாடி. அதில் அப்பாவின் முகம். அவர் என்னை நேராகப் பார்த்தார், லோரன். என் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே மணி அடித்து லீவரை இழுத்தார்.

விழும்போது மணிக்கட்டு என் உடம்புக்கு அடியில் மாட்டி உடைந்தது. மைலோ சத்தம் போட்டார். அப்பா உடனே பிரேக் போட்டுவிட்டார். நான் எழுந்து, "ஒண்ணுமில்லப்பா, என் தப்புதான், நான் இறங்கியிருக்கக்கூடாது" என்றேன். கையை சால்வையில் மறைத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன்.

உன்னிடம் மறைத்தது அவர் இங்கே இருக்கவேண்டும் என்பதற்காக. உன் வீட்டில் குறை எதுவும் இல்லை. ஆனால் அங்கே அவரை யாருக்குத் தெரியும்? இங்கே ஊரில் பாதிப் பேருடைய முழங்கால் அவருக்குத் தெரியும்.

ஆனால் அடுத்து ஒரு குழந்தை விழுந்தால் என்று நீ கேட்டது என்னை விடவில்லை. சனிக்கிழமை மதியம் மியூசியம் திறக்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலில் நிற்கிறேன். எந்தத் தாயுடைய பிள்ளையும் விழக்கூடாது என்று கேட்கிறேன். வாய்விட்டுச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல், ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இது விசுவாசம் இல்லை, கோழைத்தனம். புதன்கிழமை அவர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வாய் வரவில்லை.

நீ அவருக்கு எழுது. உன்னால் முடியும்.

அக்கா


ஹாலோவே
செப்டம்பர் 8

மகன் லோரனுக்கு,

நான் சுகம். எழுத்து பெரியது, தாள் நிறைய ஆகும். மியூசிய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நீ நேராகக் கேட்டாய். நேராகச் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் லீவரைத் தொடவில்லை.

அன்று கண்ணாடியைப் பார்த்தேன். ஓரத்தில் குதிரைகள் தெரிந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை, யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். மைலோ கத்தியபோதுதான் அங்கே என் மகள் இருந்தாள் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே ராட்டினச் சாவியை டெல்பர்ட் காஃப்மனிடம் கொடுத்தேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன், ஏறுகிறவர்களைக் கவனிக்கப் பழகியவன். நான் ராட்டினத்தின் ரத இருக்கையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன். அதற்குக் கண் தேவையில்லை.

உன் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால், உன் கையை உடைத்தது நான் என்று ஆரம்பிக்கவேண்டும். அவள் உடனே, இல்லை, என் தப்பு என்பாள்; நானும் அதற்குத் தலையாட்டிவிடுவேன். மேசையின் இரண்டு பக்கமும் பொய்யாகிவிடும். அவள் சால்வைக்குள் கையை மறைத்ததைப் பார்க்க எனக்குக் கண் போதுமாயிருந்தது. அது ஓரத்தில் நடந்தது.

அதற்குப் பிறகு அவள் மியூசியத்துக்கு வரவில்லை. கோபம் இருக்கும். இருக்கவேண்டியதுதான். புதன்கிழமை இடது கையால் பீரோக் எடுத்து வைத்தாள். மழையைப் பற்றிப் பேசினோம்.

டகோமாவுக்கு வரச் சொன்னால் வருகிறேன். லீவர் போய்விட்டது, இனி எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஆனால் அவளைப் பார்க்காமல் கிளம்பமாட்டேன். பீரோக் கொண்டுவந்து மழையைப் பற்றிப் பேசுகிறவளைச் சொல்லவில்லை, மனதில் இருப்பதைச் சொல்கிறவளை.

அப்பா,
எஸ்ரா ஸ்டக்கி


டகோமா
செப்டம்பர் 15

அன்பு அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை ஜூன் மாதமே ஒழுங்காகக் கேட்டிருக்கவேண்டும்.

அப்பா எனக்குப் பதில் எழுதினார். பதினோரு தாள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு வரி. படித்துவிட்டு கீழ்க் குளியலறைக்குப் போய் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பெகி வந்து, "வழுக்கிருச்சா?" என்று கேட்டாள்.

அவர் எழுதியதை உனக்குச் சொல்லமாட்டேன். அவர் சொல்லவேண்டியது அது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நீ பயப்படுவதுபோல எந்தக் குழந்தையும் விழப்போவதில்லை. வரும் சனிக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு, முழங்காலில் நிற்பதற்குப் பதிலாகக் காரை எடு. மியூசியத்துக்குப் போ.

விமான டிக்கெட் எடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறேன்.

தம்பி


ஹாலோவே
செப்டம்பர் 23

அன்புத் தம்பி லோரனுக்கு,

தேவனுக்கு ஸ்தோத்திரம். உனக்கும் பெகிக்கும் என் அன்பு. கை நன்றாக இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். முட்டை வரவுப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை மியூசியத்தில் இருந்தவர்கள்: நான், மைலோ, கேரலின், கிறிஸ்டி, அப்பா, டெல்பர்ட், இன்னும் மூன்று குழந்தைகளோடு ஒரு குடும்பம், ஊருக்குப் புதிது.

உள்ளே நுழைந்தேன். நடுக்கம்பத்தில் அப்பாவைத் தேடினேன். அங்கே டெல்பர்ட் நிற்கிறார். அப்பா ரதத்தில் உட்கார்ந்து, மடியில் தொப்பியை வைத்து, அதில் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன். முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தார். இப்போது அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு ஆள் தெரிகிறது; எத்தனை புதன்கிழமை அதைப் பார்த்தும், என்னைப் பிடிக்காமல் திரும்பிக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

"வெர்னாவா?"

"ஆமாப்பா."

"உக்காரு. கையக் குடு. அந்தக் கையில்ல, நான் ஒடச்ச கைய."

கொடுத்தேன். மணிக்கட்டை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார், குதிரைக் காலில் விரிசல் தேடுவதுபோல.

"அன்னிக்கே லீவரை விட்டுட்டேன்" என்றார்.

"அன்னிக்கேவா? நான் இத்தன மாசமா நீங்கதான் இழுக்குறீங்கன்னு..."

"உனக்குக் கோவம்னு நான் நெனச்சேன்."

"என்னப் பாத்தீங்கன்னு நான் நெனச்சேன், அப்பா. கண்ணாடியில. பாத்துக்கிட்டே இழுத்தீங்கன்னு."

அவர் பிடி இறுகியது. பிறகு, "பாத்திருந்தா இழுப்பேனாம்மா?" என்றார். அம்மா அடக்கத்தன்று கேட்ட குரல் அது.

இல்லை என்று சொன்னேன். அவர் தோளில் சாய்ந்து அழுதேன். டெல்பர்ட் கம்பத்திலிருந்து, "ஸ்டக்கி வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ரதத்துல உக்காந்து அழறதுன்னா டிக்கெட் எடுத்துட்டு அழுங்க" என்றார். அப்பா உடனே என்னிடம், "அவன் சொல்றது சரிதான், அம்பது சென்ட் எடு" என்றார். எடுத்தேன்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். இத்தனை வருடம் ராட்டினத்தைச் சுற்ற விட்டவர், ஒருதரமும் குதிரையில் ஏறியதில்லையாம். மைலோவும் நானும் பிடித்து உள்வரிசைக் குதிரையில் ஏற்றினோம். நடுக்கம்பத்தைப் பார்த்த பக்கத்தில் செதுக்கு வேலையே இல்லை. வெறும் பலகைதான் அவர் காலுக்குப் பட்டது. தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம்தான் எனக்குப் பழக்கம்" என்றார்.

டெல்பர்ட் மணிக்கயிற்றைப் பிடித்தார். அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"வெர்னா, கண்ணாடியப் பாரு. யாராவது தரையில இருக்காங்களா?"

பார்த்தேன், லோரன். கிறிஸ்டி சாம்பல் குதிரையில், இரண்டு ஷூவும் காலில். புதுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரும் ஏறியிருந்தார்கள். தகப்பனும் தாயும் ரதத்தில். கேரலினும் மைலோவும் கம்பியைப் பிடித்திருந்தார்கள். அப்பா தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தரையில் யாரும் இல்லை. அதன் பிறகு இன்னொரு தரமும் பார்த்தேன்.

"எல்லாரும் ஏறியாச்சுப்பா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

இனி இப்படித்தான் என்று நிர்வாகக் குழு ஒத்துக்கொண்டது: முழங்காலைத் தொட்டுப் பார்ப்பது அப்பா, கண்ணாடியைப் பார்ப்பது நான், இழுப்பது டெல்பர்ட். ஒரு ராட்டினத்துக்கு மூன்று கிழடுகள் என்று மைலோ சொல்கிறார். நான் இன்னும் கிழடு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பனிக்காலத்துக்கு மூடுமுன் கடைசி ஓட்டம் அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. அப்பா டகோமாவுக்கு வருவதாக உனக்கு எழுதியிருக்கிறாராம், என்னிடம் சொன்னார். நீ கூப்பிட்டால் வந்துவிடுவார், வாக்குத் தவறுகிறவர் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: அவரைக் கூட்டிக்கொண்டு போக வராதே. ராட்டினம் ஏற வா. காது உடைந்த கறுப்புக் குதிரையை உனக்கென்று வைக்கச் சொல்லியிருக்கிறார். புதுக் குடும்பத்துப் பையன் அதில் ஏறப்போனபோது, "அதுக்கு ஆள் இருக்கு" என்று சொல்லி வேறொன்றில் ஏற்றிவிட்டார். உன் முழங்கால் எப்படியிருக்கும் என்று அவருக்கு மறந்துபோயிற்றாம். தொட்டுப் பார்க்கவேண்டும் என்கிறார்.

அன்றைக்கு யார் யார் இருப்பார்கள் என்று இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். வருகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. சீக்கிரம் பதில் போடு.

அக்கா,
வெர்னா